குருவில்லாத முப்பது ஆண்டுகள்



பொதுக்காலம் 27ஆம் ஞாயிறான இன்று நாம் கேட்ட நற்செய்தியில், திருத்தூதர்கள் தங்கள் விசுவாசத்தைப் பெருகச் செய்யும்படி ஆண்டவரிடம் கேட்கிறார்கள். வாசகம் அந்த வேண்டுதலோடு தொடங்குவதால், எதற்காக அப்படிக் கேட்டார்கள் என்பது நம் காதில் விழாமல் போகிறது. வீட்டுக்குப் போனதும் லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தை எடுத்து, முதல் நான்கு வசனங்களைப் படித்துப் பாருங்கள். ஒரே நாளில் ஏழு முறை உனக்குத் தீங்கு செய்து, ஏழு முறையும் வருந்தி வந்து நிற்கிறவனை ஏழு முறையும் மன்னித்துவிடு என்கிறார் இயேசு. அதைக் கேட்டு மலைத்துப்போனவர்கள்தான் விசுவாசம் வேண்டும் என்கிறார்கள். நோய் தீர்க்கவோ, பேய் ஓட்டவோ, கூட்டத்தின் முன் அற்புதம் செய்து காட்டவோ அவர்கள் கேட்கவில்லை. கூடப் பிறந்தவனை மன்னிப்பதற்கு எங்களிடம் இருக்கிற விசுவாசம் போதாது, ஆண்டவரே என்கிறார்கள்.

அவர்கள் கேட்டது சரியான கேள்வி. பாகப்பிரிவினையில் ஏற்பட்ட மனத்தாங்கலால் அண்ணன் வீட்டு வாசலை வருடக்கணக்கில் மிதிக்காதவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். அம்மாவின் அடக்கத்துக்கு வந்தும், ஆளுக்கொரு மூலையில் நின்றுவிட்டுப் பேசாமல் போன பிள்ளைகளை நான் கல்லறைத் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். புற்றுநோய் குணமாகும் என்று நம்பக்கூட நமக்கு முடிகிறது. தம்பியிடம் போய் முதல் வார்த்தை பேசத்தான் கால் எழும்ப மாட்டேன் என்கிறது.

இதற்கு இயேசு கொடுத்த பதிலைக் கவனியுங்கள். சரி, இந்தா, இன்னும் கொஞ்சம் விசுவாசம் என்று அவர் அள்ளிக் கொடுக்கவில்லை. கடுகளவு இருந்தாலே போதும், ஆழ வேர்விட்ட காட்டு அத்தி மரமும் நீங்கள் சொன்னால் பெயர்ந்து போகும் என்றார். அவர்கள் அளவைப் பற்றிக் கேட்டார்கள். அவர் அளவு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லிவிட்டார். விசுவாசத்தின் வல்லமை விசுவசிக்கிறவனிடமிருந்து வருவதாக இருந்தால்தான் அளவு முக்கியம். அது கடவுளிடமிருந்து வருகிறது. நம் பங்கு, கடுகளவுதான் என்றாலும் அவரை விடாமல் இருப்பது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உனக்கு விசுவாசம் போதவில்லை என்ற வார்த்தையால் காயம்பட்டவர்களை நான் நிறையச் சந்திக்கிறேன். நோயாளியைப் பார்க்க வருகிற யாராவது ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், அதைச் சொல்லிவிட்டுப் போகிறார். மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் வீட்டுக்குப் போயிருந்தேன். அலமாரியில் அவனுடைய மருந்துச் சீட்டுகள் ஒரு கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் மந்திரித்த எண்ணெய் என்று யாரோ கொடுத்த சின்னப் புட்டி, பாதி காலியாகி இருந்தது. அந்த அம்மா என்னிடம் கேட்டார்: “சாமி, நான் இன்னும் உறுதியா நம்பியிருந்தா அவன் பிழைச்சிருப்பானா?” மகனை அடக்கம் செய்த துக்கம் ஒன்று. அவன் சாவுக்குத் தானே காரணமோ என்கிற பாரம் இன்னொன்று. இந்த இரண்டாவது பாரத்தை அந்தத் தாயின் தலையில் ஏற்றியவர் கடவுள் அல்ல.

பிள்ளைகளை இழந்தவர்கள், கேட்டது கிடைக்காதவர்கள், நெடுங்காலமாக நோயோடு மன்றாடுகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் இதைக் கேளுங்கள். கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே தம் துன்பக் கிண்ணம் அகலும்படி கேட்டார், அது அகலவில்லை. பவுல் தம் உடலில் தைத்திருந்த முள்ளை எடுத்துவிடும்படி மும்முறை கேட்டார், எடுக்கப்படவில்லை. அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். உங்களையும் அப்படிச் சொல்ல விடாதீர்கள். நோயுற்றவர்களைச் சந்திக்கப் போகிற அன்பியக் குழுவினரிடமும் நான் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்த வார்த்தை இனி நம் பங்கில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. சொல்ல ஒன்றும் தோன்றாவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், அது போதும்.

முதல் வாசகத்தில் இறைவாக்கினர் அபக்கூக்கு கடவுளிடமே வழக்காடுகிறார். எத்தனை காலம் கூப்பிடுவது, நீர் ஏன் கேட்கவில்லை, கொடுமையை ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீர் என்று முறையிடுகிறார். பாபிலோனியப் படை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. அவருக்குக் கிடைத்த பதில், காட்சியைப் பலகையில் எழுதி வை, அது நிறைவேறும், தாமதமானாலும் காத்திரு என்பதுதான். படை திரும்பிப் போகவில்லை. கி.மு. 587இல் எருசலேம் இடிந்தே போனது. ஆனால் அபக்கூக்கு நூலின் கடைசி வரிகளில், அத்தி பூக்காமல், திராட்சை காய்க்காமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் ஆண்டவரில் மகிழ்வேன் என்று அவர் பாடுகிறார். வேண்டியது கிடைத்ததால் வந்த பாட்டாக இருந்தால், அது இவ்வளவு காலம் கடந்து நம்மிடம் வந்திருக்காது.

காத்திருப்பது என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள நாம் தூரமாகப் போக வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம், நம் மொழி பேசிய மக்களிடம் போவோம்.

1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தார்கள். குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கத்தோலிக்க குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. கோவில்கள் ஒல்லாந்தரின் சபைக்குப் போயின. அவர்களுடைய பதிவேட்டில் ஏறாத திருமணத்துக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை, பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குறி. எனவே பலர் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோவிலுக்குப் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள்.

இப்படி ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, ஏறத்தாழ முப்பது வருடம். ஒரு தலைமுறையே பூசை காணாமல் வளர்ந்தது. நற்கருணை இல்லை. பாவசங்கீர்த்தனம் இல்லை. சாகக் கிடக்கிறவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. யோசித்துப் பாருங்கள், கொரோனா காலத்தில் சில மாதம் கோவில் கதவு சாத்தியிருந்ததற்கே நாம் எவ்வளவு தவித்தோம்! அந்த மக்களுக்கு எப்போது முடியும் என்று சொல்வாரும் இல்லை. அம்மா சொல்லிக் கொடுத்த செபம், அப்பா இடுகிற சிலுவை அடையாளம், மடியில் முடிந்து வைத்திருந்த செபமாலை. அவர்களிடம் இருந்தது அவ்வளவுதான். கடுகளவு.

1687இல் கோவாவைச் சேர்ந்த ஒரு குரு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். அவர்தான் யோசேப்பு வாஸ் அடிகளார். அப்போது வயது முப்பத்தாறு. அங்கி இல்லை, காலில் செருப்பு இல்லை, பிச்சைக்காரக் கோலம். கூட யோவான் என்றொரு பணியாள். வந்த வேகத்தில் இருவரும் வயிற்றுக்கடுப்பில் விழுந்து சாகும் நிலைக்குப் போனார்கள். யாரென்றே தெரியாத ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றியதாக அவருடைய வரலாற்றில் படிக்கிறோம்.

தேறி எழுந்ததும் அவர் செய்ததைப் பாருங்கள். தாம் குரு என்று வெளியே சொல்ல முடியாது. யார் கத்தோலிக்கர் என்று கேட்கவும் முடியாது. கேட்டாலும் யார் ஒப்புக்கொள்வார்கள்? எனவே ஒரு செபமாலையைக் கழுத்தில் தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். ஒவ்வொரு வாசலிலும் வீட்டுக்காரர் முகத்தைக் கவனித்தார். பெரும்பாலானோர் பிச்சை போட்டார்கள், அல்லது போ என்றார்கள். சிலருடைய கண் மட்டும் செபமாலையில் நின்றது. பிச்சைக்காரரை மேலும் கீழும் பார்த்தார்கள். மெல்ல விசாரித்தார்கள். இப்படி நம்பத்தக்க ஒரு வீட்டைக் கண்டுபிடித்த பிறகுதான், நான் ஒரு குரு என்று அவர் வாய் திறந்தார்.

அந்த வீட்டில் நடந்த முதல் பூசையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. நடு இரவு, மூடிய கதவு, தணித்து வைத்த விளக்கு. முப்பது வயதான ஒருவன் தன் வாழ்நாளில் முதன்முறையாக அப்பம் உயர்த்தப்படுவதைப் பார்க்கிறான். அம்மா சொன்னதெல்லாம் கதை அல்ல என்று அவனுக்குத் தெரிகிற நேரம் அது. அங்கே உண்மையில் யார் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படி ஒருவன் அந்த ஊரில் எங்காவது இருந்தே இருப்பான்.

பிறகு வாஸ் அடிகளார் சில்லாலைக்குப் போனார். கத்தோலிக்கர் உறுதியாக நின்ற கிராமம் அது. அங்கிருந்து இரவு நேரங்களில் சுற்றுவட்டார வீடுகளுக்குப் போய்த் திருவருள்சாதனங்களை நிறைவேற்றினார். 1689 கிறிஸ்துமஸ் இரவில் நள்ளிரவுப் பூசைக்காக யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் மக்கள் கூடியிருந்தபோது ஒல்லாந்தர் படைவீரர்கள் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள். குரு அகப்படவில்லை. மக்கள் அகப்பட்டார்கள். அவர்களில் எட்டுப் பேரைக் கடுமையாக அடித்தார்கள். ஒருவர் அந்த அடியிலேயே உயிரை விட்டார். மற்ற ஏழு பேருக்கும் கோட்டை வேலையில் கட்டாய உழைப்பு.

குரு எங்கே என்று சொல்லியிருந்தால் அந்த எட்டுப் பேரும் தப்பித்திருக்கலாம். அவர்கள் துறவிகள் அல்ல, மறைநூல் வல்லுநர்கள் அல்ல. நம்மைப் போல வீடும் வாசலும் பிள்ளை குட்டியும் உள்ளவர்கள். முப்பது வருடம் யாரும் அவர்களுக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சாத்திய கதவுக்குப் பின்னால் இரவுதோறும் சொன்ன செபத்திலிருந்து வந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தெரியவில்லை.

யோசேப்பு வாஸ் பிறகு புத்தளம் வழியாகக் கண்டிக்குப் போனார். ஒற்றன் என்று சந்தேகித்து அங்கேயும் சிறை வைத்தார்கள். பெரியம்மை பரவியபோது ஊரே பயந்து விலகி ஓடியது. அவர் தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். ஒரு தடவைகூடக் கோவாவுக்குத் திரும்பவில்லை. 2015 ஜனவரி 14இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அதற்கு வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாவது புதுமைக்காகக்கூடத் திருத்தந்தை காத்திருக்கவில்லை. அழிந்துவிட்டது என்று எல்லாரும் எண்ணிய ஒரு திரு அவை உயிரோடு நிற்பதைவிட வேறென்ன புதுமை வேண்டும்?

அன்று பிற்பகலே திருத்தந்தை மடுவுக்குப் போனார். மடு மாதாவை உங்களில் பலர் அறிவீர்கள். ஒல்லாந்தர் கெடுபிடியில், 1670இல், மாந்தையிலிருந்த மாதா திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு இருபது குடும்பங்கள் வன்னிக் காட்டுக்குள் போன கதையைத்தான் அந்தத் திருத்தலத்தின் தொடக்கமாகச் சொல்வார்கள். பாம்பும் யானையும் காய்ச்சலும் உள்ள காடு. ஊரில் இருந்தால் பெயரை மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். போனார்கள்.

அந்தத் திருவுருவம் மறுபடியும் இடம்பெயர நேர்ந்ததை நம் காலத்திலேயே பார்த்தோம். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் மடுத் திருத்தலத்தில் தஞ்சம் அடைந்தார்கள். 1999 நவம்பரில் எறிகணை அந்த வளாகத்திலேயே விழுந்து 40 பேரளவில் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் குருக்கள் மாதா திருவுருவத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அடைக்கலம் கேட்டு வந்தவர்கள் மாதாவின் காலடியில் செத்தார்களே, அவர்கள் விசுவாசம் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால் என்னிடம் தயாரான பதில் இல்லை. நானும் அபக்கூக்கோடு சேர்ந்து கடவுளிடம்தான் கேட்பேன். ஆனால் உயிர் பிழைத்தவர்கள் ஒவ்வொரு ஆகஸ்டு மாதமும் அதே மடுவுக்கு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்களிடம் இல்லாத கேள்வியா என்னிடம் இருக்கிறது? இருந்தும் வருகிறார்கள்.

இன்னொரு நாட்டைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, பிதா சுதன் சொல்லவும் விசுவாசப் பிரமாணம் சொல்லவும் தமிழில் கற்றுக்கொடுத்த சவேரியார், 1549இல் ஜப்பானில் போய் இறங்கினார். நம் கடற்கரையில் போகிற இடமெல்லாம் செபங்களை மனப்பாடம் செய்யவைத்து, உபதேசியாரை நியமித்து, ஊரை அவர் பொறுப்பில் விட்டுப் போனார். ஒரு குரு எல்லா ஊரிலும் இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

ஜப்பானில் 1614இல் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. குருக்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது நாடு கடத்தப்பட்டார்கள். நாகசாகி பகுதியில் கிறிஸ்துவின் உருவமோ மாதாவின் உருவமோ பொறித்த தகட்டை ஆண்டுதோறும் மிதித்துக் காட்டச் சொன்னார்கள். மிதிக்க மறுத்தவர்கள் இறந்தார்கள். பலர் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லி அழுதார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லை, அந்த மந்திரம் ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு மறுபடியும் மிதித்தார்கள், மறுபடியும் அழுதார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல்.

1865 மார்ச் 17. வெளிநாட்டவருக்காக நாகசாகியில் புதிதாகக் கட்டிய கோவில் வாசலில் பதினைந்து பேர் போல நிற்கிறார்கள். பக்கத்தில் உள்ள உரகாமி என்ற கிராமத்திலிருந்து வந்த குடியானவர்கள். பிரெஞ்சுக் குரு பெத்திஜான் கதவைத் திறந்து விடுகிறார், உள்ளே போய் முழந்தாளிடுகிறார். ஒரு பெண் மெல்ல அருகில் வந்து, எங்கள் எல்லாருடைய உள்ளமும் உங்கள் உள்ளமும் ஒன்றுதான் என்று காதோடு சொல்கிறார். மரியன்னையின் சுரூபம் எங்கே என்று கேட்கிறார். குழந்தையைக் கையில் ஏந்திய மாதாவைக் காட்டியதும், அவர்கள் முகம் எப்படி மலர்ந்தது என்று அந்தக் குரு எழுதி வைத்திருக்கிறார். இப்போது தவக்காலம் அல்லவா என்று அவர்கள் சரியாகச் சொன்னார்களாம். ஏழு தலைமுறை தாண்டியும் தவக்காலம் தவறவில்லை!

அதோடு அவர்கள் துன்பமும் தீரவில்லை. தங்களை வெளிப்படுத்திக்கொண்டதற்காக உரகாமி மக்கள் 3,000க்கு மேற்பட்டோர் நாட்டின் பல மூலைகளுக்குத் துரத்தப்பட்டார்கள். 600 பேருக்கு மேல் திரும்பி வரவில்லை. 1873இல்தான் தடை நீங்கியது.

இதில் என்னை மிகவும் தொடுகிறவர்கள், தகட்டை மிதித்தவர்கள். மறைசாட்சிகளைப் போற்றுகிறோம், போற்றவேண்டும். ஆனால் அந்தக் குடியானவர்களில் பெரும்பாலானோர் தங்களைக் கோழைகள் என்றே நினைத்திருப்பார்கள். பேதுருவைப் போல மறுதலித்து, பேதுருவைப் போல அழுதவர்கள். அவர்கள் வழியாகத்தான் விசுவாசம் 1865 வரை வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பெயரை வேறு பதிவேட்டில் கொடுத்துவிட்டு வீட்டில் செபமாலை சொன்னவர்களும் அப்படியே. நெரிந்த நாணலை முறிக்காதவர், புகைகிற திரியை அணைக்காதவர் நம் ஆண்டவர். விழுந்துவிட்டோமே, இனி எந்த முகத்தோடு கோவிலுக்குப் போவது என்று வெளியே நிற்கிறவர்கள் நம் தெருவிலும் உண்டு. குடிக்கு அடிமையாகி, விடுவேன் என்று ஆணையிட்டு, மறுபடியும் குடித்துவிட்டு, இரவில் தனியாக அழுகிற ஆண்கள் உண்டு. அவர்களிடம் யாராவது போய்ச் சொல்லுங்கள்: அந்த அழுகையும் விசுவாசம்தான், அதைப் பிடித்துக்கொண்டே வா.

நற்செய்தியின் இரண்டாம் பகுதி கொஞ்சம் கடினமாகக் கேட்கும். வயலில் உழுதுவிட்டோ ஆடு மேய்த்துவிட்டோ வருகிற வேலைக்காரன், வந்தவுடன் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை; தலைவருக்குப் பரிமாறிவிட்டுத்தான் உண்கிறான். கடமையைச் செய்தேன், அவ்வளவுதான் என்கிறான். விசுவாசத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இயேசு ஏன் இந்த உவமையைச் சொன்னார்? விசுவாசம் வைத்தால் கடவுள் நமக்குக் கடன்பட்டுவிடுகிறார் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். ஒன்பது நாள் நவநாள் செய்தேன், வேளாங்கண்ணிக்கு நடந்து போனேன், மொட்டை போட்டேன், இனி நீர் கொடுத்தே ஆகவேண்டும் என்பது கொடுக்கல் வாங்கல். நடந்து போவது தவறே இல்லை. கால் கொப்பளிக்க நடக்கிற அந்த அன்பை ஆண்டவர் அறிவார். போய்ச் சேர்ந்தபின் அவரிடம் ரசீதை நீட்டாமல் இருந்தால் போதும்.

இரண்டாம் வாசகத்துக்கு வருவோம். பவுல் சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். என் கைகளை உன்மேல் வைத்தபோது நீ பெற்ற வரத்தை மீண்டும் தீமூட்டு என்கிறார். கிராமத்தில் வளர்ந்த பெண்களுக்கு இது நன்றாகப் புரியும். தீப்பெட்டிக்குச் செலவழிக்க யோசித்த காலத்தில், இரவு சமையல் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட மாட்டார்கள். கங்குகளைச் சாம்பலால் மூடி வைப்பார்கள். விடிந்ததும் சாம்பலை ஒதுக்கி, தேங்காய் நாரை மேலே வைத்து, ஊதாங்குழலால் ஊதுவார்கள். கண்ணில் புகை ஏறும், நீர் வழியும். நார் பிடித்துக்கொண்டதும் சுள்ளி, பிறகு விறகு. மேலே பார்த்தால் வெறும் சாம்பல். உள்ளே கங்கு இருக்கிறது என்று தெரிந்தவள்தான் ஊதுவாள். திமொத்தேயுவிடம் நெருப்பு இல்லை என்று பவுல் சொல்லவில்லை. ஊது என்கிறார்.

அந்தக் கங்கு யார் வைத்தது? இன்று வாசித்த பகுதிக்குச் சற்று முன்னால், ஐந்தாம் வசனத்தில், பவுல் இரண்டு பெண்களைப் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். திமொத்தேயுவின் பாட்டி லோயி, தாய் யூனிக்கி. திமொத்தேயுவின் தந்தை கிரேக்கர் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. வீட்டில் விசுவாசத்தைக் காத்தவர்கள் அந்த இரண்டு பெண்கள். எபேசு திரு அவையின் பொறுப்பாளராக இருந்த ஒருவருடைய விசுவாசத்தின் வரலாறு, ஒரு பாட்டியின் மடியில் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்திலும் நாகசாகியிலும் நடந்தது இதுவே. கோவிலைப் பூட்டலாம், குருவைத் துரத்தலாம். வீட்டில் அம்மா பிள்ளையின் கையைப் பிடித்து நெற்றியில் சிலுவை போடக் கற்றுக்கொடுப்பதை எந்த அரசாங்கத்தாலும் தடுக்க முடியவில்லை.

ஆனால் தடை ஏதும் இல்லாத நம் வீடுகளில் அது தானாகவே நின்றுகொண்டிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வேதனையாக இருக்கிறது. வீடு மந்திரிக்க வரும்போது பார்க்கிறேன்: பீடத்தில் சீரியல் பல்பு எரிகிறது, மாதாவுக்குப் புது மாலை போட்டிருக்கிறார்கள். குடும்ப செபம் உண்டா என்று கேட்டால், பாட்டி இருந்தவரை சொன்னோம் சாமி என்கிறார்கள். பிள்ளைக்கு எட்டு மணிக்கு டியூஷன், அப்பாவுக்கு ஷிப்ட், அம்மாவுக்கு அசதி. புரிகிறது. உங்கள் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. மறைக்கல்வி வகுப்புக்குப் பிள்ளையை அனுப்புகிறோமே என்பீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் நாங்கள் சொல்லிக்கொடுப்பது, வீட்டில் மீதி நாட்கள் ஒருவரும் வாய் திறக்காவிட்டால் நிற்பதில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளை வேலைக்காகத் துபாய்க்கோ கனடாவுக்கோ போகும். பக்கத்தில் தமிழ்ப் பூசை இருக்காது, கேட்க ஆள் இருக்காது. கொரோனாவைப் போல இன்னொன்று வரலாம், வேறு சோதனையும் வரலாம். அப்போது அதன் கையில் என்ன இருக்கும்?

இந்த அக்டோபர் மாதம் செபமாலை மாதம். ஐம்பத்து மூன்று மணியும் சொல்ல முடியாத வீடுகளில் பத்து மணி சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், படுக்கப் போகும் முன் எல்லாரும் ஓரிடத்தில் நின்று ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மரியே. தொலைக்காட்சி ஐந்து நிமிடம் மௌனமாக இருக்கட்டும். பிள்ளைகள் முனகினால் முனகட்டும். நாமும் அந்த வயதில் முனகியவர்கள்தானே. தாத்தா பாட்டிமாரே, நாங்கள் வயதாகிவிட்டோம், எங்களால் என்ன ஆகும் என்று சொல்லாதீர்கள். பேரப்பிள்ளை உங்கள் பக்கத்தில் படுக்கிற இரவுகளில் அதன் காதில் விழுகிற செபம், நான் இங்கே நின்று சொல்கிற எல்லாவற்றையும்விட நீண்ட நாள் அதனோடு இருக்கும். இன்றைய நற்செய்தி வாசகத்துக்கு முன்னால் மன்னிப்பைப் பற்றி ஆண்டவர் சொன்னதையும் மறக்க வேண்டாம்: யாரிடம் பேசாமல் இருக்கிறீர்களோ அவர் பெயரை அந்தச் செபத்தில் சொல்லுங்கள். முதல் நாள் நாக்கு ஒத்துழைக்காது. இரண்டாம் நாளும் சொல்லுங்கள்.

இப்போது நாம் எழுந்து விசுவாசப் பிரமாணம் சொல்லப் போகிறோம். யாழ்ப்பாணத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் சொன்ன அறிக்கையை நாம் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, தெருவுக்குக் கேட்கும்படி சொல்லலாம். வாய்க்குள் முணுமுணுக்காமல் சொல்வோம். துக்கத்தாலோ சந்தேகத்தாலோ இன்று இந்த வார்த்தைகளைச் சொல்ல முடியாத ஒருவர் உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கலாம். அவர் சும்மா நிற்கட்டும். அவருக்கும் சேர்த்து நீங்கள் சொல்லுங்கள். அவருக்கு முடிகிற ஒரு ஞாயிறன்று, உங்களுக்கு முடியாமல் இருந்தால், அவர் உங்களுக்காகச் சொல்வார்.

எழுந்து நிற்போம்.